மூணு கேஸ் கோமதிநாயகம்

கழுத்துல அட்டை தொங்குதே, தம்பி இன்ஜினியரா? பாத்த ஒடனே நெனைச்சேன். இன்ஜினியருன்னா பஸ்ஸுல ஏறினதும் சீட்டு ஆடுதான்னு தட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவாக. எம் மவனும் அப்படித்தான். நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்படாது. உங்களை வேலைக்கு எடுக்கையில, ஆளு எப்படி, போலீசுல கேஸு கீஸு உண்டான்னு விசாரிச்சாகளா?

விசாரிச்சாகளா! ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டாக்கும்? குடுத்து வச்சவரு. அப்பா என்ன வேலை? வாத்தியாரு. அதான் சங்கதி. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கவனுக்கு மவனாப் பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

எம் பேரு ஆவுடையப்பன். ஊரு பேரு வேண்டாம், ஏட்டையா சங்கடப்படுவாரு. மத்தபடி நான் ஒளிச்சு மறைச்சுப் பேசுத ஆளு இல்ல. அந்த ஸ்டேஷனும் நானும் வேற வேற இல்ல தம்பி. எத்தனையோ இன்ஸ்பெக்டரு வந்தாக, மாத்தலாகிப் போனாக. என் டீ மட்டும் மாறல. யாருக்குச் சீனி கம்மி, யாருக்கு டிகாக்‌ஷன் தூக்கல், எல்லாம் எனக்கு அத்துப்படி. லாக்கப்புல இருக்கவன் கூட என் கடை உளுந்தவடையைத் தின்னுட்டு, 'அண்ணாச்சி கை மணமே மணம்'ம்பான். செல்வாக்குன்னா இதுதானே? எம்.எல்.ஏ. போனாக்கூட வாசல்ல நிப்பாட்டி என்னன்னு கேப்பாக. நான் தூக்குவாளியோட நேரா உள்ள போவேன்.

அந்தச் செல்வாக்கைக் கெடுத்தது யாருன்னா, கம்ப்யூட்டர். சொல்லுதேன் கேளுங்க.

மாசக் கடைசியானா ஸ்டேஷன்ல ஒரு நெருக்கடி வரும். குடிச்சிட்டு ரோட்டுல ரகளை பண்ணினான், காசு வச்சுச் சீட்டாடினான், ராத்திரி சந்தேகப்படும்படி பதுங்கி நின்னான், இந்த மாதிரிச் சின்னக் கேஸு இத்தனை புடிச்சோம்னு மேலிடத்துக்குக் கணக்குக் காட்டணும். எங்க ஊரு சாதுவான ஊரு. குடிக்கவன்கூட வீட்டுல போய்ப் பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கிட்டுப் படுத்துக்கிடுவான். பாவம், அவுக என்ன செய்வாக? ஏட்டையா தவசிலிங்கம் ரோட்டைத் தாண்டி வருவாரு. கல்லாப்பெட்டி மேல முழங்கையை ஊனிக்கிட்டு, பையச் சொல்லுவாரு, 'அண்ணாச்சி, ஒரு பேரு குறையுது.' நான் ஒரு பேரு சொல்லுவேன். எழுதிக்கிட்டுப் போயிருவாரு. அம்புட்டுத்தான். அடி கெடையாது, புடி கெடையாது. அபராதத்தை அவுகளே பாத்துக்கிடுவாக. கோர்ட்டுல பேரைக் கூப்பிட்டா கையைத் தூக்கி 'ஆமாங்கய்யா'ன்னு சொல்லதுக்கும் ஒரு ஆளை வச்சிருந்தாக. பேருக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியவே தெரியாது. இதுல யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்க?

அப்படியே பஜார்ல எல்லாப் பேரும் ஒரு சுத்து வந்துட்டு. டெய்லரு பீர்மைதீன் இருக்காரே, பீடி கூடக் குடிக்க மாட்டாரு, அவரு மேலயும் குடிச்சு ரகளைன்னு ஒண்ணு. அது எப்படியோ அவரு காதுக்குப் போயிட்டு. கையில கத்திரிக்கோலோட கடைக்கு வந்துட்டாரு. 'ஊரான் பேரையெல்லாம் வாரிக் குடுக்கீரே வே, உம்ம வீட்டுல ஆம்பளையே இல்லையா?'ன்னு கேட்டாரு. நாலு பேரு டீ குடிச்சுக்கிட்டு இருக்கையில கேட்டாரு.

நியாயமான கேள்விதானே? நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன். அடுத்த மாசம் ஏட்டையா வந்ததும் நெஞ்சை நிமித்திச் சொன்னேன்: 'எழுதுங்க. கோமதிநாயகம். தகப்பன் பேரு ஆவுடையப்பன்.' பீர்மைதீன் அசந்து போயிட்டாரு. அதுக்கப்புறம் எம் மேல பஜார்ல ஒரு தனி மரியாதை. அந்த மரியாதைக்காகவே அடுத்தடுத்தும் அவன் பேரையே குடுத்தேன்னு வைங்களேன்.

நாயகம் அப்பம் வெளியூர்ல ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தான். அவனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதே. ஆளே இல்லாத ரோட்டுலயும் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் கடப்பான். கோயிலுக்குப் போனா செருப்பை ஒரே கோட்டுல விடுவான். தன் செருப்பை மட்டுமில்ல, பக்கத்துல கெடக்க அடுத்தவன் செருப்பையும் சேத்து. 'எலே, நீ சாமி கும்புட வந்தியா, செருப்புக்குக் காவலா வந்தியா?'ன்னு நான் ஏசியிருக்கேன். சத்தமாத் தும்மினாக்கூட 'சாரி'ம்பான். அவனுக்கு ஏர்போர்ட்டுல வேலை கெடைச்சுது. ரன்வே போடுத கம்பெனி. எங்க சொந்தத்துல பிளேனை அண்ணாந்து பாத்தவுகதான் உண்டு. இவன் அது எறங்குத தரையையே போடப் போறான்! நான் அன்னைக்கு ஸ்டேஷன் பூராவுக்கும் ஓசி டீ குடுத்தேன்.

ஆனா அது காவல் உள்ள எடம். உள்ள விடுதவன் யோக்கியனான்னு பாக்க வேண்டாமா? ஒரு பாரத்துல, 'உம் மேல போலீஸ் கேஸ் உண்டா'ன்னு கேட்டிருக்காக. இவன் 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டான். பொய்யின்னு தெரிஞ்சா வேலை கெடையாதுன்னு கீழயே போட்டிருக்கு. எனக்கு அந்தப் பாரம் சமாச்சாரமே தெரியாது. என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா?

கம்பெனி சார்பா விசாரிக்க ஆளு வாராகன்னு போன் வந்துச்சு. என் வீட்டுக்காரி பிரம்மசக்தி வாசல் தெளிச்சு மாக்கோலம் போட்டா. கேசரி கிண்டினா, வாழைக்காய் பஜ்ஜி போட்டா. அவ வாழ்நாள்ல வீட்டுக்கு ஆளு வந்து ஒருத்தரைப் பத்தி விசாரிச்சதுன்னா, அது அவளைப் பொண்ணு பாக்க வந்ததுதான். வேற வழக்கம் அவளுக்குத் தெரியாது. நாயகத்துக்குப் புதுச்சட்டை போட்டு, 'கூப்பிட்டப்புறம் வெளிய வந்தாப் போதும்'னு உள்ரூம்புல உக்கார வச்சுட்டா. அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான்!

வந்தது ஒரு சின்ன வயசுப் பையன். ஜோயல்னு பேரு. ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாரு. பஜ்ஜியைக் கையில எடுத்தாரு. பிரம்மசக்தி ஆரம்பிச்சுட்டா. 'எம் புள்ள அதிந்து பேச மாட்டான். சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். உங்க கம்பெனிக்கு வந்தா நல்லா அனுசரிச்சுப் போவான்.' அவரு பஜ்ஜியைத் திங்கவும் முடியாம வைக்கவும் முடியாம கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, 'சார், கோபப்படாதீங்க. உங்க மகன் மேல மூணு கேஸ் இருக்கு.'

நான் கோபப்படலியே. 'மூணுதானா? நாலு இருக்கணுமே?'ன்னேன்.

தம்பி, நீங்களும் சிரிக்கீக! என் நாக்குதான் குடும்பத்தைக் கெடுத்துச்சுன்னு பிரம்மசக்தி இன்னைக்கும் சொல்லுதா. எனக்கு அப்படித் தோணல. மனுசன் நம்ம வீடு தேடி வந்து கேக்காரு. அவருக்குத் தப்பான தகவலைக் குடுக்கலாமா?

பிரம்மசக்தி கேசரித் தட்டைப் போட்டுட்டு உள்ள ஓடினா. ஓடிப்போய் அவனை வாயை ஊதச் சொல்லுதா. 'ஊதுல! ஊதுல! எம் வயித்துல பொறந்துட்டுக் குடிக்கியா?' அவன் ஒண்ணும் புரியாம ஊதுதான். ஊதிக்கிட்டே வெளிய வந்தான். ஜோயல் பேப்பரை எடுத்துப் படிச்சாரு. பஸ்ஸ்டாண்டு பக்கம் குடிச்சிட்டு ஆபாசமாப் பேசி ரகளை. கொளத்தங்கரையில காசு வச்சுச் சீட்டாட்டம். நகைக்கடைச் சந்துல ஆயுதம் ஏதும் இல்லாம, ஆனா சந்தேகப்படும்படி பதுங்கல். நாயகம் வாயைப் பொளந்து கேக்கான், எவனோ பெரிய சண்டியர் கதையைக் கேக்க மாதிரி.

நான் எல்லாத்தையும் வெவரமா எடுத்துச் சொன்னேன். ஏட்டையா வருவாரு, பேரு குறையும், நான் குடுப்பேன்னு. சொல்லி முடிச்சதும் நாயகம் என்னைப் பாத்தான். 'அப்பா, நான் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்கேனே'ன்னான். குடிகாரன், சூதாடின்னு எழுதியிருக்கதுகூட அவனுக்குப் பெருசாத் தெரியல. பொய்யில கையெழுத்துப் போட்டுட்டோமேன்னு மொகம் செத்துப் போச்சு. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால வந்தது. முன்னயெல்லாம் நோட்டுல எழுதுவாக. கொஞ்ச நாள்ல கரையான் தின்னுரும். கரையானுக்கு இருக்க ஈவு இரக்கம் கம்ப்யூட்டருக்கு இல்லையே!

ஜோயல் தங்கமான பையன். 'சார், இந்தச் சின்னக் கேஸையெல்லாம் கம்பெனி பெருசா எடுத்துக்காது. தெரிஞ்சே பொய் எழுதினாரா, தெரியாம எழுதினாரா, அதுதான் கேள்வி. அப்பா சொன்னாருன்னு நான் எழுத முடியுமா? எந்த அப்பா எம் பையன் குத்தவாளின்னு சொல்லுவாரு?'ன்னாரு. 'நான் சொன்னேனே, நாலுன்னு!'ன்னேன். நாயகம் கண்ணை மூடிக்கிட்டான்.

சரி, சாட்சிதானே வேணும், நமக்கு ஸ்டேஷனே சாட்சின்னு அவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். நாயகமும் பின்னாடியே வந்தான். ஏட்டையா என் கடை டீயைத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. 'ஏட்டையா, மாசா மாசம் நான் உங்களுக்குப் பேரு குடுத்தேன்லா, அதை இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னேன். அந்த மனுசன் டம்ளரைக் கீழ வச்சாரு. பெல்ட்டைச் சரிபண்ணினாரு. 'அப்படி ஒரு பழக்கமே நம்ம ஸ்டேஷன்ல கெடையாது. எல்லாம் சட்டப்படி'ன்னாரு. என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. நெஞ்சு எரிஞ்சுச்சு தம்பி. என் டீயைக் குடிச்சுக்கிட்டே என்னைத் தெரியாதுங்கான்.

திரும்பிக் கடைக்கு வந்தோம். ஜோயல் ஹெல்மெட்டை மாட்டிட்டாரு. கடைசியா ஒரு டீயாவது குடிங்கன்னு கெஞ்சி ஒரு கிளாஸைக் கையில குடுத்தேன். கண்ணாடியை மேல தூக்கிட்டு, ஹெல்மெட்டோடவே உறிஞ்சினாரு. 'சார், மனசுக்கு நீங்க சொல்லுறது உண்மைன்னுதான் படுது. ஆனா மனசுல பட்டதை எழுதுறதுக்கு எடம் இல்லையே'ன்னாரு. நாயகம் பெஞ்சு ஓரத்துல உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டு இருந்தான். ரன்வே போச்சு, எல்லாம் போச்சு. நான் பாய்லருக்குப் பின்னாடி போய் மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டேன். ஆவி பட்டு வேர்த்துச்சுன்னு வைங்க.

அப்பம் பாத்து ஸ்டேஷன்ல இருந்து ஒரு போலீஸ்காரப் பொண்ணு ரோட்டைத் தாண்டி வாரா. முப்பிடாதின்னு பேரு. வேலைக்குப் புதுசு, சட்டைக் கஞ்சி கூட இன்னும் மொடமொடன்னு இருக்கு. உள்ள நடந்த கூத்து ஒண்ணும் அவளுக்குத் தெரியாது, பின்பக்கம் இருந்திருக்கா. கையில பேனா. எல்லாருக்கும் கேக்க மாதிரி, பள்ளிக்கூடத்துல பதில் சொல்லுத மாதிரி, கணீருன்னு சொன்னா:

'அண்ணாச்சி, ஸ்டேஷன் ரைட்டரு கேட்டுட்டு வரச் சொன்னாக. இந்த மாசம் ஒரு பேரு குறையுதாம். வழக்கம்போல உங்க மவன் பேரையே போட்டுக்கிடவா?'

தம்பி! எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிட்டு! கையில இருந்த டீயைக் கீழ ஊத்திட்டேன். 'கேட்டீகளா! ஜோயலு, கேட்டீகளா! வழக்கம்போலங்கா! எந் தாயி, இன்னொருக்கா சொல்லு! சத்தமாச் சொல்லு!'ன்னு குதிக்கேன். அது மெரண்டு போயி நிக்கு. ஜோயல் ஹெல்மெட்டைக் கழத்தினாரு. 'வழக்கம்போலன்னா என்னக்கா?'ன்னு கேட்டாரு. அவளும் வெள்ளந்தியாச் சொல்லுதா: 'பழைய பட்டியல்ல இந்தப் பேருதான் சார் வருது. ஆளு வர வேண்டாம், அண்ணாச்சி சொன்னாப் போதும்னு ரைட்டரு சொன்னாக.'

தவசிலிங்கம் ஓடி வந்தாரு பாருங்க. தொப்பி இல்ல, ஒரு கால்ல மட்டும் பூட்ஸு. ஜோயல் அவரைக் கையமத்தினாரு. 'ஏட்டையா, பயப்படாதீங்க. ஸ்டேஷனை விசாரிக்க நான் வரல. பையனுக்கு இது எதுவும் தெரியாதுன்னு தெரிஞ்சாப் போதும். தெரிஞ்சுட்டு'ன்னாரு. நான் அவரைக் கட்டிப் புடிச்சேன். தவசிலிங்கத்தையும் கட்டிப் புடிச்சேன். எரிச்சல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. முப்பிடாதியைக் கும்பிட்டேன்.

ஆனா அது பேனாவைத் தொறந்து வச்சுக்கிட்டு அப்படியே நிக்கு. 'அப்பம் பேரு?'ங்கு.

ஆமா, இந்த மாசத்துக்கு ஒண்ணு வேணும்லா? நான் பஜாரைச் சுத்திப் பாத்தேன். பழக்கடைக்காரன் பழத்துக்குப் பின்னாடி குனிஞ்சுட்டான். பூக்கட்டுத இசக்கியம்மா முந்தானையை இழுத்து மூடிட்டா. பீர்மைதீன் கத்திரிக்கோலைக் கையில எடுத்துட்டாரு. நாக்கு நுனியில ஒரு பேரும் வரல. அப்பம் நாயகம் எந்திரிச்சான். சட்டையை இழுத்து விட்டுக்கிட்டான். 'எம் பேரையே போட்டுக்கிடுங்கக்கா. எங்க அப்பாவுக்கு அதுதான் கைக்கு எட்டுத தூரத்துல இருக்கு'ன்னான்.

பொறந்ததுல இருந்து என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசாத பையன். அதையும் அவன் ஏசலா சொல்லல, மெதுவாத்தான் சொன்னான். அது என்னைச் சுட்டுட்டு. சூடான பாலைக் கையில கொட்டிக்கிட்டாக்கூட அப்படிச் சுட்டிருக்காது.

'அவன் பேரை எழுதாத தாயி. ஆவுடையப்பன்னு எழுது. தகப்பன் பேரு சுடலைமுத்து'ன்னேன்.

பஜாரே ஓடி வந்துட்டு. தவசிலிங்கம் தலையில கை வச்சுட்டாரு. 'அண்ணாச்சி, உங்க பேரையா? கடை போர்டுல இருக்க பேராச்சே'ன்னாரு. 'எழுதும்வே'ன்னேன். 'சரி, குடிச்சு ரகளைன்னு போடவா?' 'வேண்டாம், வீட்டுக்காரி நம்பிருவா.' 'சீட்டாட்டம்?' 'கல்லாச் சாவியைப் புடுங்கிருவா.' 'அப்பம் பதுங்கினதுன்னு போட்டுருவோம்.' அதுக்கு முப்பிடாதி சொல்லுதா: 'அண்ணாச்சி எங்க பதுங்க? இவுக பேசுதது எங்க லாக்கப்பு வரைக்கும் கேக்குமே!' சொல்லிட்டு அவளாவே எழுதிட்டா. எழுதி வாசிக்கா: 'பொது இடத்தில் உரத்த குரலில் ஓயாது பேசி, பொதுமக்களுக்கு இடைஞ்சல் விளைவித்தது.'

பீர்மைதீன்தான் மொதல்ல சிரிச்சாரு. 'இந்த ஸ்டேஷன்ல எழுதின மொத உண்மையான கேஸு!'ங்காரு. பொறாமை, வேற என்ன? பழக்கடைக்காரன் சிரிக்கான், இசக்கியம்மா சிரிக்கா, ஜோயல் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிச் சிரிக்காரு. 'சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன், இப்பத்தான் அனுபவிச்சேன்'னு பேனாவைப் புடுங்கிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. நாயகமும் சிரிச்சான். பல்லு தெரிய, கண்ணுல தண்ணி வர, பெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சான். அவன் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல தம்பி. அதுக்காக இன்னும் ரெண்டு கேஸு வேணும்னாலும் எழுதிக்கிடட்டும்னு இருந்துச்சு.

வேலைக்கு உத்தரவு வந்துட்டு. போன வாரமே போய்ச் சேந்துட்டான். 'அப்பா, கண்ணுக்கு எட்டுன மட்டும் நேர்க்கோடுப்பா'ன்னு போன்ல சொல்லுதான். செருப்பை வரிசையா விட்ட பயலுக்கு ஆண்டவன் சரியான எடத்தைத்தான் காட்டியிருக்கான்.

நான் இப்பம் தாலுகா கோர்ட்டுக்குத்தான் போறேன். அதான் சலவை வேட்டி. 'ஆமாங்கய்யா'ன்னு சொல்லுத அந்த ஆளை வேண்டாம்னுட்டேன். நம்ம கேஸுக்கு நாமதான் போகணும். ஆனா ஒத்துக்கிட மாட்டேன். பதுங்கினேன்னு போட்டிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருப்பேன். ஓயாம பேசுதேனாம், பொதுமக்களுக்கு இடைஞ்சலாம்! எவ்வளவு பெரிய அபாண்டம்! ஐயா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுத ஆளுன்னு நீதிபதிகிட்ட நேருக்கு நேரே எடுத்துச் சொல்லப் போறேன்.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீக? உங்க ஸ்டாப்பு போயிட்டா? எப்பம்? அடப்பாவமே, அப்பமே சொல்லியிருக்க வேண்டியதுதானே? சொன்னீகளா? மறிச்சு மறிச்சுச் சொன்னீகளா? எங் காதுல விழவே இல்லையே! சரி, உக்காருங்க. இனிமே எறங்கியும் பிரயோசனமில்ல. எங்கூடக் கோர்ட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஜோயலு அந்தப் பக்கம் சாட்சின்னா, நான் அப்படிப் பேசுத ஆளு இல்லைன்னு சொல்ல எனக்கும் ஒரு சாட்சி வேணும்லா? படிச்ச பிள்ளை, மேல ஒரு கேஸு கெடையாது, சொன்னா எடுபடும்.

உங்க பேரு என்ன தம்பி?